பலகை போன இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை

தன்னை வாசற்படிகூட ஏற விட்டிருக்காத ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை ஒருவன் எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? ஆர்தர் லூர்துசாமியைக் கொஞ்ச நாள் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் எழும். அவர் மனைவி அமலம்மாளுக்கு அது தினமும் எழுந்தது, பெரும்பாலும் பாத்திரம் கழுவும் நேரத்தில்.

அந்தக் கூட்டத்தார் மால்டா தீவை ஒரு காலத்தில் ஆண்ட வீரத் துறவியர். எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களுக்காக மருத்துவமனை நடத்தியவர்கள், போகப் போக வாளையும் எடுத்துக்கொண்டார்கள். எருசலேம் கையைவிட்டுப் போனபின் ரோட்ஸ் தீவு, அதுவும் போனபின் மால்டா, கடைசியில் நெப்போலியன் வந்து மால்டாவும் போயிற்று. அந்தச் சபையில் வீரராகச் சேர வேண்டுமென்றால் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பிரபு வம்சம் என்று சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். ஆர்தருக்குத் தன் தாத்தாக்களில் ஒருவருடைய பெயர் மட்டும்தான் தெரியும். அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்பது தெரியும். அதற்கு முந்தைய கதையை வீட்டில் யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஆர்தரைப் பெரிய படிப்பாளி என்று சொன்னால் அது பொய். லத்தீன் தெரியாது, இத்தாலியமும் தெரியாது. மலாய் நாட்டில், சுங்கை பினாங்கில் பிறந்து, பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்து, நகரத்து மருத்துவமனை ஒன்றின் ரெக்கார்டு அறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அதே அறை, அதே இரும்பு அலமாரிகள். பதவி உயர்வு ஒரு முறை வந்தது, வேறு பிரிவுக்குப் போக வேண்டும் என்றார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு நோயாளியின் கோப்பை அலமாரியிலிருந்து எடுக்கும்முன், அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டையைச் செருக வேண்டும். எந்தக் கோப்பு, யார் எடுத்தது, எந்த வார்டுக்குப் போகிறது, என்று திரும்பும் என்று நான்கு வரிகள். எடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. கோப்பு திரும்பி வரும்வரை அந்த இடத்தை அட்டைதான் காவல் காக்கும் என்பதால், காவலுக்கான மலாய்ச் சொல்லை வைத்து, அதற்கு 'ஜாகா கார்டு' என்று பெயர். எழுத்தில் எங்கும் இல்லாத பெயர். அறையில் இருந்தவர்கள், முக்கியமாக ஆசியா பீவி, வைத்த பெயர்.

ஆசியா பீவி ஆர்தருக்கு ஒரு வருடம் மூத்தவர், எதிர் மேசைக்காரர். ஜாகா இல்லாமல் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டால் அவர் குரல் எக்ஸ்ரே பிரிவுவரை கேட்கும். "காணாம போனது கெட்ட விசயம். காணாம போனதே தெரியாம போறது அத விடக் கெட்ட விசயம்" என்பார். பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. குப்பைக்குப் போகவிருந்த மஞ்சள் அட்டைகளில் ஒரு கட்டை ஆர்தர் வீட்டுக்கு எடுத்துவந்தார். எதற்கு என்று கேட்ட அமலம்மாளிடம், "பாசார் சாமான் எழுதறதுக்கு" என்றார். சந்தைச் சாமான் பட்டியலுக்குத்தான் ரொம்ப நாள் பயன்பட்டது.

ஓய்வுக்குப்பின் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், பால்கனி ஓரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறையின் சத்தம். பாயான் பாருவில் தொழிற்சாலை எஞ்சினியராக இருக்கும் மகள் வனேசா, ஒரு டேப்லட்டை வாங்கிக் கொடுத்து, ஓர் இணையப் பக்கத்தையும் காட்டினாள். வெளிநாட்டு நூலகம் ஒன்று மால்டா சபையின் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து ஏற்றியிருந்தது. படத்தைப் பார்த்து, பெயர்களையும் ஆண்டுகளையும் தட்டச்சு செய்து தர உலகம் முழுவதிலும் ஆள் தேடியது. மொழி தெரிய வேண்டியதில்லை, எழுத்தை அடையாளம் கண்டால் போதும். டாக்டர்களின் கையெழுத்தோடு வாழ்ந்து பழகியவருக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தர்கள் ரொம்பத் தெளிவாக எழுதியதாகவே பட்டது.

பெயர்களைத் தட்டியபடியே, அவர்கள் யார் என்று ஆங்கிலத்தில் படிக்கவும் ஆரம்பித்தார். வீரர்கள் தாங்கள் பேசும் மொழிப்படி பிரிந்திருந்தார்கள் என்பதும், மருத்துவமனைப் பணிக்கு ஒவ்வொரு மொழிக்காரருக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை உண்டு என்பதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய கோயிலிலும் தமிழ், ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று நான்கு குழுக்கள். பீடத்துக்குப் பூ வைப்பது ஆளுக்கு ஒரு வாரம். சண்டையும் அதே முறைப்படிதான் நடந்தது.

எல்லாவற்றையும்விட அவரைப் பிடித்து உட்கார வைத்தது ஒன்று. அந்தச் சபையினர் நோயாளிகளை 'நம் எசமான்கள்' என்றார்கள். மால்டாவின் மருத்துவமனையில் வெள்ளித் தட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை கையில் தட்டை ஏந்தி, யாரென்றே தெரியாத ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கிறான். இந்தக் காட்சியை ஆர்தர் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

"அப்ப எனக்கு முட்டி வலி" என்றார் அமலம்மாள் ஒரு நாள். "நானும் எசமான்தானே? எழுந்திரிங்க, சட்டியக் கழுவுங்க."

ஆர்தர் எழுந்து கழுவினார். அன்றிலிருந்து ராத்திரிப் பாத்திரம் அவருடைய முறை. நல்ல கருத்துகள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைப்பது கடினம்.

கோயிலுக்குப் பாதுகாவலர் ஸ்நாபக அருளப்பர். மால்டா சபைக்கும் அவரே பாதுகாவலர். அதனால் ஜூன் மாதத் திருவிழாவுக்கு, கோயில் மண்டபத்தில் இந்தச் சபையைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கும்படி பாதர் ஆர்தரைக் கேட்டுக்கொண்டார். திருவிழா முடிந்தும் ஒரு மாதம் அது மண்டபத்தில் இருக்கும். ஆர்தர் ஏழு பலகைகள் செய்தார். எருசலேமில் தொடங்கி, கப்பல், கோட்டை, முற்றுகை என்று போய், ஆறாவது பலகையில் மருத்துவமனைக்கு வந்து சேரும். அதில்தான் வெள்ளித் தட்டு. எழுதவும் படம் தேடவும் அதற்கே அதிக நாள் பிடித்தது.

ஏழாவது பலகை அவர் முதலில் நினைத்திராதது. பதிவேடுகளில் ஒரு பகுதி சபையின் அடிமைகளைப் பற்றியது. கடலில் பிடிபட்ட முஸ்லிம்கள். அலி, முஸ்தபா, ஹசன் என்று பெயர், ஏறக்குறைய வயது, பிடிபட்ட ஊர், கொடுக்கப்பட்ட வேலை. பெரும்பாலோருக்கு வேலை துடுப்புப் போடுவது. சிலர் பெயருக்கு நேரே மருத்துவமனை என்று இருந்தது. ஆர்தர் மற்ற பெயர்களைப் போலவே இவற்றையும் தட்டச்சு செய்தார். செய்து முடித்தபின், ஆறாவது பலகைக்கு எழுதியதை எடுத்து ஒரு முறை படித்தார். மறுநாள் ஏழாவது பலகைக்கு எழுத ஆரம்பித்தார். தலைப்பு: 'தட்டைத் தூக்கிவந்தவர்கள்.' கீழே அந்தப் பெயர்கள். விளக்கம் இரண்டே வரி.

அந்தப் பலகை சுவரில் இருந்தாக வேண்டும் என்பது ஆர்தருக்குக் கொள்கை அல்ல, பழக்கம். ஒரு நோயாளியின் கோப்பிலிருந்து பிடிக்காத ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கோப்பு என்று சொல்ல அவருக்குக் கை வராது. அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு முந்திய நாள் மதியம், பலகைகளை ஏணி போட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது மேத்யூ வந்தார். திருவிழாக் குழுத் தலைவர், இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். சிரித்த முகம், உரத்த குரல், யார் வீட்டு மரணத்துக்கும் முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுபவர். கையில் குழம்புக் கரண்டியோடு ஒவ்வொரு பலகையாகப் படித்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஏழாவதில் நின்றுவிட்டார்.

"ஆர்தர், இது எதுக்குலா?"

"அதுவும் அவங்க ரெக்கார்டுலதான் இருக்குண்ணே."

"இருக்கட்டும். நாளைக்கு என்ன? திருவிழா. வர்றவன் பிரியாணி சாப்பிட்டுட்டு நம்ம அருளப்பரப் பத்தி நாலு நல்லது படிச்சிட்டுப் போவான். அதுல கொண்டாந்து அடிமைங்கறே."

"நல்லதும் ஆறு போர்டு இருக்கே."

"அதில்லலா." மேத்யூ குரலைத் தணித்தார். அவர் குரல் தணிந்தால் விஷயம் நிஜம். "பிரியாணி யாரு குடுக்கறது? ஆசியா பீவியோட தம்பி. அந்தம்மாவும் வரும். பக்கத்து பிளாட்டுக்காரங்க, என் கூட்டாளிங்க, எத்தன முஸ்லிம்மாருங்க வராங்க? நம்ம மண்டபத்துல, நம்ம சாமியாருங்க அவங்க ஆளுங்கள அடிமையா வச்சிருந்தாங்கன்னு நாமே எழுதி மாட்டினா, அவங்களுக்கு எப்படி இருக்கும்? சோறு போட்டு அவமானப்படுத்தற மாதிரி இல்ல?"

ஆர்தர் ஏணியிலிருந்து இறங்கினார். மேத்யூ கோழை இல்லை, கெட்டவரும் இல்லை. விருந்தாளியின் முகம் வாடக் கூடாது என்று நினைப்பவர். அந்த நினைப்புக்கும் வயது குறைவில்லை.

"சரிங்கண்ணே. எடுத்துக்குங்க" என்றார்.

மேத்யூவுக்கே கொஞ்சம் ஏமாற்றம். இன்னும் பத்து வாக்கியம் தயாராக வைத்திருந்தார். பலகையை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது, "ஒரு நிமிசம்ணே" என்று ஆர்தர் கூப்பிட்டார். பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். பின்பக்கத்தில் 'வெங்காயம், கறிவேப்பிலை' என்று அமலம்மாளின் கையெழுத்து. முன்பக்கத்தில் எழுதினார்: ஏழாவது பலகை, தட்டைத் தூக்கிவந்தவர்கள். எடுத்தவர்: மேத்யூ. இருக்குமிடம்: அவர் காடியின் பூட். திரும்பும் நாள் என்ற வரியை அப்படியே விட்டார்.

"இங்க ஒரு சைன்."

இன்சூரன்ஸில் வாழ்ந்தவருக்குக் கையெழுத்து என்றால் கை தானாகப் போகும். கரண்டியை ஆர்தரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, வளைத்து வளைத்துப் போட்டார். பலகை அவர் காரின் பின்பெட்டிக்குள் போயிற்று. அட்டை, பலகை இருந்த ஆணியில் தொங்கியது. மேத்யூ திரும்பி வந்து பார்த்துச் சிரித்தார். "இத்துனூண்டு அட்டை! எவன் பாக்கப் போறான்?"

எல்லோரும் பார்த்தார்கள். ஆறு பெரிய வண்ணப் பலகைகளுக்குப் பக்கத்தில் வெறும் சுவரும், அதன் நடுவில் ஒரு மஞ்சள் துண்டும் இருந்தால் கண் வேறெங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்தபோது, முற்றுகைப் பலகையின் முன்னால் ஆளே இல்லை. அட்டையின் முன்னால் கூட்டம்.

"மேத்யூ அங்கிள், ஏழாவது போர்டு உங்க கிட்டயா இருக்கு?"

"அண்ணே, காடி பூட்ல என்ன வச்சிருக்கீங்க?"

"தட்டைத் தூக்கிட்டு வந்தவங்கன்னா யாரு? நம்ம கேட்டரிங்கா?"

தயிர்ப் பச்சடி பரிமாறிக்கொண்டிருந்த மேத்யூ முதலில் சிரித்தார். பிறகு "அப்புறம் சொல்றேன்" என்றார். பிறகு பச்சடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சமையல் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கேதான் ஆசியா பீவி தம்பியின் பிரியாணி அண்டாக்களை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து தப்ப, மேத்யூ மறுபடி மண்டபத்துக்குள் வந்தார்.

ஆசியா பீவி கடைசி அண்டா இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நேரே சுவர். அட்டையைக் கண்டதும் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அடப்பாவி ஆர்தரு! இங்கயும் ஜாகா வச்சிட்டியா?"

"பழக்கம்க்கா."

"பைல் எங்க?"

"அதுல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. ஏன் போச்சுன்னு எழுதல."

ஆர்தர் சொன்னார். பெயர்களையும் சொன்னார். அந்தச் சபை அவர்களைக் கடலில் பிடித்ததையும், மேத்யூ ஏன் எடுத்தார் என்பதையும், மேத்யூவுக்குக் குறைவு வராதபடி சொன்னார். சொல்லும்போது ஆசியா பீவியின் முகத்தைப் பார்க்காமல் அட்டையையே பார்த்தார். இத்தனை வருடம் எதிர் மேசையில் இருந்தவர் முகத்தில் ஒரு நிழல் விழுந்தால், அது தன்னால் விழுந்ததாகத்தானே இருக்கும்?

"அப்ப எனக்காக எடுத்தாங்களா?"

"உங்களுக்காகவும்தான்."

"என்னக் கேக்காமயா?"

பதிலுக்குக் காத்திராமல் மேத்யூவைத் தேடிப் போனார். மேத்யூ தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் அகப்பட்டார்.

"அண்ணே, பைல் வெளிய போயி ஒரு நாளாச்சு. திரும்பற தேதியும் போடல. எங்க ரூமா இருந்தா இந்நேரம் உங்க வார்டுல வந்து நின்னிருப்பேன்."

"இல்லம்மா, அது வந்து, உங்க ஆளுங்களப் பத்தி கொஞ்சம்... படிச்சா மனசு கஷ்டப்படுமேன்னு."

"என் மனச நான் பாத்துக்கறேன். நீங்க காடி சாவிய எடுங்க."

மேத்யூ சாவியை எடுத்தார். பலகையைத் தானே சுமந்துவந்தார், தானே ஏணியில் ஏறினார், தானே மாட்டினார். கூட்டம் கை தட்டியது. யாருக்காக, எதற்காக என்று அவர்களுக்கே தெளிவில்லை. இறங்கியதும் ஆர்தர் அட்டையை நீட்டினார். திரும்பிய நாள் என்று எழுதி மேத்யூ மறுபடி கையெழுத்துப் போட்டார், இம்முறை வளைவுகள் குறைவாக.

ஆசியா பீவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உதடுகள் அசைந்தன. படித்து முடித்து, பக்கத்து ஆறாவது பலகைக்கு நகர்ந்தார். வெள்ளித் தட்டு, எசமான்கள் எல்லாவற்றையும் படித்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கு ஆஸ்பத்திரி" என்றார்.

"ஆமாக்கா."

"இந்த அலி, முஸ்தபா. இவங்களுக்கு நோவு வந்தா?"

"அவங்களுக்கும் வார்டு இருந்திச்சுன்னு படிச்சேன்."

"அவங்களும் எசமானா? என்ன தட்டுல குடுத்தாங்க?"

ஆர்தர் ஆறாவது பலகையை மேலிருந்து கீழே பார்த்தார். அதில் அது இல்லை. "தெரியலக்கா" என்றார்.

"சரி வா, பிரியாணி ஆறுது" என்றார் ஆசியா பீவி. கேள்வியை அதற்கு மேல் அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. மேத்யூ தானே எடுத்துவந்து பரிமாற, மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அமலம்மாள் வந்து உட்கார்ந்து, ஜாகா கார்டின் பின்பக்கம் வெங்காயக் கணக்கு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, "என் கையெழுத்தையும் கண்காட்சில வச்சிட்டாரு" என்று எல்லோரிடமும் காட்டினார். மேத்யூ அன்றைக்கு மிக உரக்கச் சிரித்தது அதற்குத்தான். ஆர்தரும் சிரித்தார். நிறைவான ஒரு மதியம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். மனிதர்கள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் உண்மையைப் பேசிவிட்டுச் சாப்பிடவும் முடிகிற மதியங்கள் நிறைய வாய்ப்பதில்லை.

சாப்பிட்டபின் அமலம்மாள் பேருந்துக்கு நேரமாகிறது என்றார். ஆர்தர் அவரை முன்னால் போகச் சொன்னார். நாற்காலிகளை அடுக்கிவிட்டு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மண்டபத்தைத் திறந்தவர்கள் பார்த்தபோது, ஏழாவது பலகை அதன் இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளித் தட்டுப் பலகை இல்லை. அந்த ஆணியில் புதிதாக ஒரு மஞ்சள் அட்டை. ஆறாவது பலகை, எசமான்கள். எடுத்தவர்: ஆர்தர். இருக்குமிடம்: வீடு. திரும்பும் நாள் என்ற வரி காலியாக இருந்தது. கீழே கையெழுத்து முறைப்படி இருந்தது.

மேத்யூ போன் செய்தார். "என்னலா ஆர்தர், நான் ஒண்ணு எடுத்தா நீ ஒண்ணு எடுப்பியா? நல்ல போர்டே அதுதான்."

"கார்டு வச்சிருக்கேனே" என்றார் ஆர்தர்.

"அது தெரியுது. ஏன்?"

"அண்ணே, நேத்து அடுக்கின நாற்காலி ஒண்ணுல கால் ஆடுது, பாருங்க" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கண்காட்சி அந்த மாதம் முழுவதும் அப்படியே இருந்தது. பாதர் ஒரு முறை கேட்டார். ஆசியா பீவி மட்டும் கேட்கவே இல்லை. ஜெலுத்தோங் வீட்டில் பலகை துணி அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க, இன்றும் நிற்கிறது. ராத்திரி தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆர்தரிடம் அமலம்மாள் ஒரு நாள், "ஏங்க, அவ்வளவு ஆசையா செஞ்சத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஆர்தர் கையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் திருப்பி, அடியையும் ஒரு முறை துடைத்து, "அந்த அலிக்கு என்ன தட்டுன்னு இன்னும் அகப்படல" என்று சொல்லி, மற்றவற்றோடு அடுக்கினார்.